சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில் ஐக்கியமும் ஊழிய நோக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 800 முதல் 2,000 மாணவர் வரை படிக்கும் கிறிஸ்தவக் கலை அறிவியல் கல்லூரிகளை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. அரசு சம்பளம் தரும் உதவி பெறும் பிரிவு ஒன்று, மாணவர் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவு ஒன்று, ஒரு விடுதி, ஒரு சாப்பல் (வளாகச் சிற்றாலயம்), தலைக்கு மேல் ஒரு திருமண்டலமோ (பிஷப்பின் ஆட்சிப் பகுதி) அறக்கட்டளையோ இருக்கும் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளாளர், முதல்வர், சாப்ளின் (கல்லூரிப் போதகர்), ஆட்சிக்குழு உறுப்பினர், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

மாணவர்களில் பாதிப் பேர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. பிறகு எதை வைத்து இதைக் கிறிஸ்தவக் கல்லூரி என்பது?

இது 150 ஆண்டுப் பழைய கேள்வி. 1862-ல் சென்னைக்கு வந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லரிடமும் இதைத்தான் கேட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களை எண்ணிக் கல்லூரியை அளக்க அவர் மறுத்தார். மாவில் புளித்த மாவு போல ஒரு சமூகத்தின் எண்ணப் போக்கில் கலந்து வேலை செய்வதே கல்லூரியின் பணி என்றார். அவரை அனுப்பிய ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. 1931-ல் ஏ. டி. லிண்ட்சே தலைமையிலான ஆணையம் இந்தியாவின் கிறிஸ்தவ உயர்கல்வியை ஆராய்ந்து அறிக்கை தந்தபோதும் இதே விவாதம் எழுந்தது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆள் தயாரிப்பதிலேயே கல்லூரிகளின் சக்தி தீர்ந்துபோகிறது என்பது அந்த ஆணையத்தின் கவலைகளில் ஒன்று.

எங்கள் பதில்: மாணவர் விகிதத்தைப் பார்க்காதீர்கள், நான்கு ஆவணங்களைப் பாருங்கள். சேர்க்கைப் பட்டியல், நியமனக் கோப்பு, கட்டணச் சலுகைப் பதிவேடு, கால அட்டவணை. சுவரில் எழுதிய வசனத்தை விட இவை உண்மையைச் சொல்லும்.

எல்லா மாணவரும் சாப்பலுக்கு வந்தே ஆக வேண்டும் என்று விதி போடலாமா?

கூடாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் சம்மதமின்றி யாரையும் வழிபாட்டிலோ சமயப் போதனையிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. கல்வி நிறுவனம் நடத்த 30(1) பிரிவு தரும் சிறுபான்மை உரிமை இதைத் தாண்டிப் போகாது. 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். முதலாண்டில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான் என்பதை அலுவலகம் மறந்துவிடும்.

சேர்க்கை விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அதைச் சம்மதம் என்று சொல்லாதீர்கள். தனித் தாள், தமிழில், ‘வர விருப்பம்’, ‘விருப்பமில்லை’ என்று இரண்டு கட்டம், கையொப்பம். விருப்பமில்லை என்று குறித்தவருக்கு அந்த நேரத்தில் நூலகம் திறந்திருக்க வேண்டும். வராதவரிடம் அபராதம் வாங்குவது, அடையாள அட்டையைப் பிடுங்கி வைப்பது, வருகைப் பதிவில் கழிப்பது எல்லாம் சட்டச் சிக்கல்; அதற்கும் முன்னால், அசிங்கம்.

எல்லாருக்குமான கூட்டம் தேவைதான். அதை வாரம் ஒருமுறை, 15 நிமிடம், வழிபாடு கலக்காத பொதுக் கூட்டமாக வையுங்கள். சாப்பல் தனியாக நடக்கட்டும்.

சாப்பலைத் திறந்து வைத்திருக்கிறோம், இருபது பேர்கூட வருவதில்லை. என்ன செய்வது?

முதலில் மணியைப் பாருங்கள். காலை 8:40-க்கு வைத்தால் 12 கிலோமீட்டர் தள்ளியிருந்து பஸ்ஸில் வருபவர் வரமாட்டார். மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிஃப்ட் மாணவர் அப்போது வீட்டில் இருப்பார். அடுத்து பேச்சைப் பாருங்கள். 40 நிமிடப் பிரசங்கம் ஆலயத்தில் செல்லும், கல்லூரியில் செல்லாது.

மொத்தம் 25 நிமிடம் போதும்: பாட்டு 5, வேதவாசிப்பு 3, பேச்சு 10, மௌன ஜெபம் 3, முடிவுப் பாட்டும் ஆசீர்வாதமும் 4. அறிவிப்புகளை வாசலில் ஒட்டிவிடுங்கள். சாப்பலைக் கொல்வதில் பாதிப் பங்கு அறிவிப்புகளுக்கு உண்டு. பேசுவோர் பட்டியலைப் பருவத் தொடக்கத்திலேயே போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கை மாணவருக்கும் அலுவலக ஊழியருக்கும் ஒதுக்குங்கள். ஆய்வக உதவியாளர் ஒருமுறை வேதம் வாசித்தால், அடுத்த வாரம் அந்த ஆய்வகத்திலிருந்து நான்கு பேர் வருவார்கள்.

மொழியும் ஒரு காரணம். ஆங்கில ஞானப்பாட்டு மட்டுமே ஒலிக்கும் இடம் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இன்னொருவர் வீட்டு முற்றம். வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகளை அவர்கள் ஊர்ச் சபையிலேயே பாடியிருப்பார்கள்.

உதவி பெறும் பிரிவு ஆசிரியர்களும் சுயநிதி ஆசிரியர்களும் இரண்டு கல்லூரி போல இருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய முடியுமா?

ஐக்கியம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். மதத்தாலோ சபைப் பிரிவாலோ உடைவது இதைவிடக் குறைவு.

உதவி பெறும் பணியிடத்தில் சேரும் உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய், அகவிலைப்படி தனி. அதே கல்வித் தகுதியோடு மதியம் இரண்டு மணிக்குப் பாடம் எடுப்பவர் பல கல்லூரிகளில் 25,000-ஐக்கூடத் தொடுவதில்லை. முதல் ஷிஃப்ட் மதியம் ஒன்றரைக்கு முடியும், இரண்டாவது அதற்குப் பிறகு தொடங்கும். ஒரே நாற்காலியில் இருவர் உட்காருகிறார்கள், பத்து ஆண்டாகப் பெயர் தெரியாது. ஓய்வு பெற்றவர்களின் உதவி பெறும் இடங்கள் நிரம்பாமலே கிடப்பதால், இன்று மாணவர்களில் பெரும்பகுதியைத் தாங்குவது சுயநிதி ஆசிரியர்கள். ஆனால் ஆசிரியர் மன்றம், ஆட்சிக்குழுப் பிரதிநிதித்துவம், தேர்வுக்குழு எல்லாம் மற்ற பக்கத்தில்.

சம்பள இடைவெளியைக் கல்லூரி முழுதாக மூட முடியாது. முடியும் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. செய்யக் கூடியவை இவை:

1:15 முதல் 2:00 வரை இரண்டு ஷிஃப்ட்டும் வளாகத்தில் இருக்கும்படி அட்டவணையை மாற்றுங்கள். வாரம் மூன்று நாள் போதும். துறைக் கூட்டம், சாப்பல், தேநீர் எல்லாம் அந்த இடைவெளியில். முதல் ஷிஃப்ட் 15 நிமிடம் முன்னால் தொடங்கினால் பாட நேரம் குறையாது.

ஒரு பாடத்துக்கு ஒரே துறை, ஒரே துறைத் தலைவர், ஒரே பாட வாரியம். ‘வணிகவியல் (உதவி)’, ‘வணிகவியல் (சுயநிதி)’ என்ற இரண்டு பெயர்ப்பலகைகளை இறக்கிவிடுங்கள்.

சுயநிதி ஆசிரியருக்கு எழுதிய ஊதிய அட்டவணை வேண்டும். ஆண்டு உயர்வு எவ்வளவு, முனைவர் பட்டம் பெற்றால் எவ்வளவு, மகப்பேறு விடுப்பு எத்தனை நாள், கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏப்ரலில் பணிநீக்கி ஜூனில் மறுபடி சேர்க்கும் வழக்கம் இருந்தால், ஐக்கியம் பற்றிய கருத்தரங்கு நடத்த வேண்டாம். யாரும் நம்ப மாட்டார்கள்.

வருங்கால வைப்பு நிதியில் நிர்வாகத்தின் பங்கையும் ஆசிரியர் சம்பளத்திலேயே பிடிப்பதும் நடக்கிறது. அது சட்டத்துக்குப் புறம்பானது.

ஒரு சுயநிதித் துறை எத்தனை மாணவர் இருந்தால் தாங்கும்?

கணக்கு எளிது, பலர் போடுவதில்லை. நான்கு ஆசிரியர், ஆளுக்கு மாதம் 25,000 என்றால் ஆண்டுக்கு 12 லட்சம். மின்சாரம், நூலகம், அலுவலகம், பராமரிப்பு என்று பொதுச் செலவில் அந்தத் துறையின் பங்காகச் சம்பளத்தில் 40 சதவீதம், அதாவது 4.8 லட்சம் சேருங்கள். மொத்தம் 16.8 லட்சம். ஆண்டுக் கட்டணம் 28,000 என்றால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 60 மாணவர் வேண்டும். சராசரியாக 10 சதவீதக் கட்டணச் சலுகை தருகிறீர்கள் என்றால் கைக்கு வருவது 25,200. அப்போது 67 பேர். இடைநிற்றலையும் சேர்த்தால் முதலாண்டில் 25 பேராவது சேர வேண்டும். 25, 23, 22 என்று இறங்கினால் 70, தப்பித்தோம்.

மூன்று ஆண்டு தொடர்ந்து 18-க்குக் கீழே சேரும் துறையை என்ன செய்வது என்று அப்போதே முடிவெடுங்கள். தமிழ், வரலாறு, தத்துவம் போன்ற துறைகள் நோக்கத்துக்கு அவசியம் என்று கருதினால், இத்தனை லட்சம் இழப்பை இந்தத் துறைக்காக ஏற்கிறோம் என்று ஆட்சிக்குழு தீர்மானமாக எழுத வேண்டும். எழுதாத தியாகம் இரண்டாம் ஆண்டில் முணுமுணுப்பாகிவிடும்.

கையிருப்பாக ஆறு மாதச் சம்பளம் நிரந்தர வைப்பில் இருப்பது நல்லது. மூன்று மாதத்துக்குக் கீழே போனால் புதுக் கட்டடம் பற்றிப் பேசக்கூடாது.

ஆசிரியர் நியமனத்தில் விசுவாசத்தைப் பார்ப்பதா, தகுதியைப் பார்ப்பதா?

தகுதி குறைந்தவரை விசுவாசத்தின் பேரால் எடுப்பது மாணவருக்குச் செய்யும் துரோகம். தகுதியுள்ளவர்களுக்குள் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறவரைப் பார்ப்பது நியாயம். குறிப்பாக முதல்வர் பதவியில் சிறுபான்மை நிர்வாகத்துக்கு உரிமை இருக்கிறது. உரிய தகுதியுள்ளவர்களிலிருந்து தனக்கு நம்பிக்கையானவரை, பணிமூப்பு வரிசையைத் தாண்டியும் அது தெரிவு செய்யலாம் என்று 2006-ல் மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நேர்காணலில் “நீங்கள் ரட்சிக்கப்பட்டவரா?” என்று கேட்டால் ஒத்திகை பார்த்த சாட்சிதான் கிடைக்கும். “முதல் பருவத்தில் ஆறு பாடத்தில் ஐந்தில் தோற்ற மாணவன் உங்கள் வகுப்பில் இருக்கிறான். முதல் மாதம் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். 20 நிமிட மாதிரி வகுப்பை மாணவர் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி யாரும் கேள்வியாகக் கேட்காத, எல்லாரும் பேசுகிற விஷயம்: நியமனத்துக்குப் பணம். பணம் கொடுத்து வந்தவர் முதல் ஐந்து ஆண்டு அந்தக் கடனை அடைப்பார், அதற்குப் பிறகே ஆசிரியராவார், சிலர் ஆவதேயில்லை. தடுக்கும் வழி நடைமுறையில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் மதிப்பெண் பங்கீட்டை முன்கூட்டியே அச்சிடுங்கள். குழுவில் வெளிப் பல்கலைக்கழகப் பாட வல்லுநர் இருவர் இருக்கட்டும். ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை மையால் எழுதி, வெளியேறும் முன் கையொப்பமிட்ட உறையில் போட வேண்டும். உறவினர் விண்ணப்பித்தால் உறுப்பினர் விலக வேண்டும். முடிவு அன்று மாலையே பலகையில் ஏற வேண்டும். முடிவுக்கும் அறிவிப்புக்கும் நடுவே இரண்டு வாரம் விட்டால், அந்த இரண்டு வாரத்தில்தான் எல்லாம் நடக்கும்.

வளாகத்தில் சாதி இருக்கிறதா?

இருக்கிறது. விடுதி அறையில், ஆலயப் பாடகர் குழுவில், திருமண்டலத் தேர்தல் அணிகளில், எந்த ஊர்க்காரர் என்ற முதல் விசாரிப்பில்.

விடுதி அறையை ஜூன் மாதத்தில் சீட்டுக் குலுக்கி ஒதுக்குங்கள். நண்பர்களாகச் சேர்ந்து எழுதிக் கொடுக்கும் பட்டியலை வாங்காதீர்கள். டிசம்பரில் மறுபடி குலுக்குங்கள். முதல் வாரம் பெற்றோரிடமிருந்து தொலைபேசி வரும், வார்டன் சொல்ல வேண்டிய ஒரே பதில், “எல்லாருக்கும் சீட்டுத்தான்.” மாணவர் மன்றத் தேர்தலில் இறுதியாண்டு, விடுதி, நாள் மாணவர் என்று தொகுதி பிரித்தால் சாதி வாக்கு வங்கி ஓரளவு குலையும்.

இன்னொன்று, அலுவலகத்தின் அறியாமையால் நடக்கும் அநியாயம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித்துகள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழே கிடைக்கும். அதைப் பார்த்ததும் எழுத்தர் அவர்களை வேறு பட்டியலில் தள்ளிவிடுவார். ஆனால் மாநில அரசின் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகை கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். சேர்க்கை நாளிலேயே ஒருவரை இதற்கென்று மேசை போட்டு உட்கார வையுங்கள். அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் விண்ணப்பங்களும் அதே மேசையில். அந்தத் தொகைதான் பலருக்கு பஸ் செலவும் மதியச் சாப்பாடும்.

கிறிஸ்தவ மாணவருக்கு வேதபாடம், மற்றவருக்கு அறநெறி என்று பிரிப்பது சரியா?

பழைய வழக்கம், வசதியானதும்கூட. ஆனால் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பை மதவாரியாக எழுந்து போகச் சொல்வது என்ன பாடம் கற்பிக்கிறது என்று யோசியுங்கள். பாடத்திட்டத்தின் நான்காம் பகுதியில் வரும் 2 கிரெடிட் விழுமியக் கல்வியை எல்லாருக்கும் ஒரே வகுப்பாக நடத்துங்கள். குடும்பத்தில் பணம், பொய்யும் தேர்வும், சாதி, திருமணம், மரணம் என்று தலைப்பு வையுங்கள். மலைப்பிரசங்கமும் குறளும் குர்ஆன் பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வேத ஆராய்ச்சி விரும்புகிறவர்களுக்கு மாலையில்.

இந்த வகுப்பைப் பணிச்சுமை குறைந்த ஆசிரியரின் தலையில் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் அது மற்ற பாடத்தின் பாக்கியை முடிக்கும் மணியாகிவிடும்.

சில மாணவருக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருக்கும் மெண்டார் முறை வைத்திருக்கிறோம், பதிவேடு நிறைகிறது, பயன் தெரியவில்லை.

தர மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின வாரம் ஒரே பேனாவில் நிரப்பிய பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். ஆசிரியருக்கு 15 முதல் 20 மாணவர், மூன்று ஆண்டும் அதே ஆசிரியர். பருவத்துக்கு மூன்று தனிச் சந்திப்பு, ஒவ்வொன்றும் 15 நிமிடம்: சேர்ந்த மூன்றாம் வாரம், முதல் உள்தேர்வு முடிந்ததும், பருவத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு. இடைநிற்றலின் அறிகுறிகள் பெரும்பாலும் முதலாண்டு முதல் ஆறு வாரத்தில் தெரிந்துவிடும்: தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை, கட்டணத்தின் முதல் தவணை நிற்கிறது, மதியம் சாப்பிடாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவதைக் காவலாளிதான் முதலில் பார்ப்பார். அவரிடம் கேளுங்கள்.

மாணவர் சொன்ன சொந்த விஷயத்தைப் பதிவேட்டில் எழுதக்கூடாது. தேதியும் அடுத்து என்ன செய்வது என்பதும் போதும். தற்கொலை எண்ணமோ பாலியல் தொல்லையோ தெரிய வந்தால் மெண்டார் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் பணம் தருகிறேன் என்கிறார். நேராக வாங்கலாமா?

அவர் கையில் எந்த பாஸ்போர்ட் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வசிப்பவர் வங்கி வழியாகத் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். மதுரையில் வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அப்படித்தான்.

வழக்கமான தவறு, வெள்ளிவிழா வகுப்பு ஒன்றுகூடும்போது நடக்கும். நாற்பது பேர் பணம் போடுவார்கள், ஒருவர் மொத்தமாகக் கல்லூரிக் கணக்கில் செலுத்துவார், நாற்பதில் ஆறு பேர் வெளிநாட்டுக் குடிமக்கள். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருந்தால் அந்த ஆறு பேரின் பணம் புது தில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டும் போக வேண்டும். பதிவோ முன் அனுமதியோ இல்லையென்றால் வாங்கவே கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. திருமண்டலம் வாங்கிக் கல்லூரிக்குத் தருவதும் இதில் அடங்கும், இரண்டும் தனித்தனிப் பதிவாக இருந்தால். நிர்வாகச் செலவு வரம்பு 20 சதவீதம். ஆசிரியர் சம்பளம் அதில் சேராது. ஆண்டறிக்கை டிசம்பர் 31-க்குள்.

ஆட்சிக்குழு மாறும்போதெல்லாம் எல்லாம் தலைகீழாகிறது.

பெரும்பாலான சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமண்டலங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். தோற்ற அணி நியமித்த முதல்வரை வென்ற அணி சந்தேகிக்கும். உறுப்பினர் பதவிக்காலத்தை ஐந்தாண்டாக்கி, ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கினர் மட்டும் மாறும்படி கல்லூரியின் விதிமுறையைத் திருத்துங்கள். 15 பேர் குழு என்றால் ஆண்டுக்கு மூவர். திருமண்டலப் பதவியில் இல்லாத கல்வியாளர், பட்டயக் கணக்காளர், பழைய மாணவர் என்று குறைந்தது ஆறு இடம் ஒதுக்குங்கள். திருத்தத்தைத் தேர்தல் ஆண்டில் கொண்டுவந்தால் தோற்கும். தேர்தல் முடிந்த முதல் ஆறு மாதத்தில் கொண்டுவாருங்கள்.

சாலையோர நிலத்தை விற்றால் பத்து ஆண்டுக்கு சம்பளப் பிரச்சினை தீருமே?

தீராது. மிஷன் நிலம் அறக்கட்டளைச் சொத்து. உரிமையாளர் பெரும்பாலும் கல்லூரியாகவே இருக்காது. விற்ற பணம் மூன்று ஆண்டில் கரையும், வழக்கு முப்பது ஆண்டு நடக்கும்.

இதில் எதை முதலில் தொடங்குவது?

மே மாதம், அடுத்த ஆண்டு அட்டவணை போடும்போது, அந்த 1:15 இடைவெளி. பெரிய செலவில்லை, வேறு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை, முதல்வர் கையெழுத்துப் போதும். தேநீருக்கு ஆளுக்கு 10 ரூபாய், 60 ஆசிரியர், வாரம் மூன்று நாள் என்றால் வாரத்துக்கு 1,800 ரூபாய். கோப்பைகளை ஒரே மேசையில் வையுங்கள். இரண்டு மேசை போட்டால் மறுநாளே இரண்டு ஷிஃப்ட்டாகப் பிரிந்துவிடும்.